60 வீதப் புலமைப்பரிசிலும் யாழ்ப்பாணத்து இடமும்

கேள்வி: ஐயா, நான் முல்லைத்தீவு மாவட்டம், ஒட்டுசுட்டான் பகுதியைச் சேர்ந்தவள். கலைப் பிரிவில் இரண்டாவது தடவை உயர்தரப் பரீட்சை எழுதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கத் தெரிவாகியுள்ளேன். இதற்கிடையில், கொழும்பிலுள்ள தனியார் நிறுவனம் ஒன்று, பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் மூன்று வருடச் சட்டமாணிப் பட்டத்துக்கு 60 வீதப் புலமைப்பரிசில் தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. வருடக் கட்டணம் 12 இலட்சம் ரூபா. மிச்சத்தைக் கனடாவிலுள்ள மாமா கட்டுவதாகச் சொல்கிறார். கொழும்பில் தங்குமிடம், சாப்பாட்டுக்கு மாதம் 40,000 ரூபாவும் யாழ்ப்பாணத்தில் 20,000 ரூபாவும் ஆகும் என விசாரித்து அறிந்தோம். அப்பா கமம் செய்கிறார். அப்பப்பாவின் பெயரிலிருந்த அனுமதிப்பத்திரக் காணியின் பத்திரம் 2009 இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. அப்பப்பாவும் அப்பம்மாவும் காலமான பின், அங்கே குடியிருந்து பயிர் செய்யும் மாமியை, அதாவது அப்பாவின் சகோதரியை, எழும்பச் சொல்லிப் பெரியப்பா நிற்கிறார். அதைப் பார்த்துத்தான் எனக்குச் சட்டம் படிக்கும் எண்ணம் வந்தது. ஆனால் மனித உரிமைத் துறையில் வெளிநாட்டில் வேலை செய்யும் ஆசையும் இருக்கிறது. சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு சீ சித்திதான். யாழ்ப்பாண இடம் 'கோட்டாவில் கிடைத்தது' என்று என் மச்சாள் சொல்லிச் சிரிக்கிறாள். நான் எதைத் தெரிவு செய்வது?

பதில்: அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த நிறுவனத்தின் கடிதப் பிரதியை இரண்டு முறை படித்தேன். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யாழ்ப்பாணத்துக்குப் போங்கள், மாமாவின் பணத்தை இப்போது தொட வேண்டாம், அது வேறொரு காலத்துக்குத் தேவைப்படும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குவதற்கே இந்த நீண்ட பதில். படித்த பின்னும் உங்கள் மனம் கொழும்பையே நாடினால், குறைந்தபட்சம் எவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

சட்டம் படிப்பதும் சட்டத்தரணி ஆவதும் இந்த நாட்டில் இரண்டு வெவ்வேறு காரியங்கள் என்பதை நம் பெற்றோர் பலர் அறிவதில்லை. எங்கள் தாத்தாமார் காலத்தில் அப்புக்காத்து (அட்வகேட்), பிரக்கிராசி (புரொக்டர்) என்று வழக்குத் தொழில் செய்வோரில் இரண்டு வகையினர் இருந்தார்கள். 1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் அந்தப் பிரிவினையை நீக்கி எல்லோரையும் சட்டத்தரணி என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. அந்தப் பெயரை வழங்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கே உரியது. பல்கலைக்கழகம் உங்களைச் சட்டமாணி ஆக்கலாம், ஆனால் முல்லைத்தீவு மாவட்ட நீதிமன்றத்தில் உங்கள் மாமிக்காக எழுந்து நிற்க வேண்டுமானால், கொழும்பு புதுக்கடையில் 1874 இல் தொடங்கப்பட்ட இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளைக் கடந்து, ஆறு மாதப் பயிலுநர் பயிற்சியை முடித்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தாக வேண்டும். ஆகவே எந்தக் கல்வி நிறுவனத்தை எடைபோடும்போதும் நான் முதலில் கேட்கும் கேள்வி, அங்கிருந்து புதுக்கடை வாசலுக்குப் பாதை நேராக இருக்கிறதா, சுற்றி வளைத்துப் போகிறதா என்பதுதான். கட்டணமும் கட்டடமும் அதற்குப் பின்னரே வருகின்றன.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் பட்டம் பெற்றவர் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சையை எழுத வேண்டியதில்லை. கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களிலும் திறந்த பல்கலைக்கழகத்திலும் சட்டமாணி முடித்தவர்களுக்கும் அப்படித்தான். பிரித்தானியப் பட்டத்தின் நிலை வேறு. அந்தப் பட்டத்துடன் வருபவரும் இங்கே தொழில் செய்வதற்குச் சட்டக் கல்லூரியின் ஊடாகவே போக வேண்டும்; எந்தத் தகுதியோடு, எந்தப் பரீட்சைக்குப் பின் அவரை அனுமதிப்பது என்பதைச் சட்டக் கல்விப் பேரவையே தீர்மானிக்கிறது, அந்த விதிகள் காலத்துக்குக் காலம் மாறியும் வந்திருக்கின்றன. என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பிள்ளைக்கு, அவர் படித்த நிறுவனத்தின் முகப்பு அலுவலர் 'நேரடியாகவே சட்டக் கல்லூரிக்குப் போகலாம்' என்று வாயால் சொல்லியிருந்தார். அந்த வாய்வார்த்தையை நம்பியதால் அவர் மேலும் ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த நிறுவனத்தின் கையேட்டில் அப்படியொரு வாக்கியம் இருக்கவில்லை. உங்களுக்கு வந்த கடிதத்திலும் இல்லை. 'சர்வதேச அங்கீகாரம்' என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறார்கள், ஆனால் இலங்கையில் சட்டத்தரணியாவது எப்படி என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.

இனிப் பணத்துக்கு வருவோம். 60 வீதம் என்ற இலக்கம் கண்ணைக் கவர்வது இயல்பே. ஆனால் புலமைப்பரிசிலை எடைபோடும்போது அவர்கள் தருவதைப் பார்ப்பதை விட, தந்த பின் நாம் கட்ட வேண்டியதைப் பார்ப்பதே சரியான கணக்கு. ஆண்டுக் கட்டணம் 12 இலட்சம். 60 வீதம் கழிந்தால் 4 இலட்சத்து 80 ஆயிரம் மிஞ்சும். மாதம் 40,000 ரூபா என்றால் கொழும்புச் சீவியத்துக்கும் ஆண்டுக்கு அதே 4 இலட்சத்து 80 ஆயிரம். மூன்று வருடத்துக்கும் புலமைப்பரிசில் தொடர்ந்தாலே மொத்தம் 28 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா செலவாகும். யாழ்ப்பாணத்தில் கற்பித்தல் கட்டணம் இல்லை. மாதம் 20,000 ரூபா வீதம் நான்கு வருடத்துக்கு 9 இலட்சத்து 60 ஆயிரம். ஒரு வருடம் கூடுதலாகப் படித்தும் செலவு மூன்றிலொரு பங்குதான்.

'தொடர்ந்தால்' என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதினேன். அவர்களின் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், சிறிய எழுத்தில், புலமைப்பரிசில் ஒவ்வொரு வருட முடிவிலும் மீளாய்வு செய்யப்படும் என்றும், சராசரி 60 புள்ளிக்குக் குறையாதவர்களுக்கே அடுத்த வருடத்துக்கு நீடிக்கப்படும் என்றும் இருக்கிறது. உயர்தரத்தில் 75 க்கு ஏ, 65 க்கு பீ, 55 க்கு சீ என்று பழகிய நம் பிள்ளைகளுக்கு 60 என்பது எட்டிப் பறிக்கக்கூடிய இலக்கமாகவே தோன்றும். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் அளவுகோலில் 70 க்கு மேல் முதலாம் வகுப்பு; 60 இலிருந்து 69 வரை இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவு; 50 இலிருந்து 59 வரை அதன் கீழ்ப்பிரிவு. அதாவது ஒவ்வொரு வருடமும் மேற்பிரிவுத் தரத்தில் நிற்க வேண்டும் என்பதே நிபந்தனையின் உண்மையான பொருள். தமிழ் மொழியில் பதின்மூன்று வருடம் படித்து, முதன்முறையாக ஆங்கிலத்தில் சட்டக் கட்டுரை எழுதப்போகும் ஒருவருக்கு, அதுவும் முதல் வருடத்திலேயே, இது சிறிய நிபந்தனை அல்ல. உங்கள் திறமையைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளும் முதல் வருடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன், அவர்களில் பலர் மூன்றாம் வருடத்தில் நன்றாக எழுதினார்கள். ஆனால் உங்கள் நிபந்தனை மூன்றாம் வருடம் வரை காத்திருக்காது.

முதல் வருடத்தோடு புலமைப்பரிசில் நின்றுபோனால் மொத்தச் செலவு 43 இலட்சத்து 20 ஆயிரமாகிவிடும். அந்த நிலையில் படிப்பை விடவும் முடியாது, தொடரவும் முடியாது. ஒரு வருடக் காசு போய்விட்டதே என்ற எண்ணத்தில் குடும்பங்கள் காணியை ஈடுவைத்தாவது தொடரத்தான் பார்க்கின்றன. இதற்கு மேல், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கான பதிவுக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் பவுணில் தனியாகச் செலுத்தப்பட வேண்டும் என்றும், புலமைப்பரிசில் அவற்றுக்குப் பொருந்தாது என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் அந்த மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதை உங்கள் அப்பா உர விலையிலேயே அனுபவித்திருப்பார். வெளிநாட்டு நாணயத்தில் கட்டணம் கட்டிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். மாமா டொலரில்தானே உழைக்கிறார் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், ஆனால் அவருக்கும் அங்கே வீட்டுக்கடனும் பிள்ளைகளும் இருக்கும், ஒரு மனிதரின் நல்லெண்ணத்தில் மட்டுமே நிற்கும் மூன்று வருடத் திட்டம் பலவீனமானது.

யாழ்ப்பாணத்தில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய புலமைப்பரிசில் மகாபொல. 1981 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றால் அந்த நம்பிக்கை நிதியம் உருவானது. அதை முன்னின்று அமைத்த லலித் அத்துலத்முதலியும் ஒரு சட்டத்தரணியே. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதன் மாதக் கொடுப்பனவு 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. குடும்ப வருமானத்தையும் பரீட்சைப் பெறுபேற்றையும் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள். அது கிடைத்தால், நீங்கள் கணக்கிட்ட யாழ்ப்பாணச் செலவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைத் தாங்கும். கிடைக்காதவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் உதவிப்பணம் இருக்கிறது. இரண்டுமே திகதி தவறாமல் கைக்கு வரும் என்று நம்பி வாடகை பேசிவிடாதீர்கள். முதல் சில மாதங்களுக்குக் கையில் காசு வைத்துக்கொண்டு போங்கள். வருமானச் சான்றுக்குக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் அலைய வேண்டியிருக்கும், ஆகவே அந்த வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். கமக்காரரின் வருமானத்தை எழுதும்போது ஒரு போகத்தின் விற்றுமுதலை அப்படியே வருமானம் என்று எழுதிவிட்டு, பிறகு தகுதியிழந்து நின்ற பிள்ளைகளும் உண்டு. விதைநெல், உரம், உழவுக்கூலி எல்லாம் கழித்த பின் மிஞ்சுவதே வருமானம்.

கோட்டா பற்றி உங்கள் மச்சாள் சொன்னதற்கு ஒரு பந்தி ஒதுக்குகிறேன், அதற்கு மேல் அந்தப் பேச்சுக்குத் தகுதியில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இடங்களில் 40 வீதம் வரை நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் வரை மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் வரை கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்குகிறது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பதினாறுக்குள் அடங்கும். சட்டப் படிப்புக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறுபடுவது இதனால்தான். ஆங்கில ஆசிரியர் இல்லாத வருடங்களையும் கூரையில்லாத வகுப்பறைகளையும் கடந்து வந்த பிள்ளையின் இசட் புள்ளியை, எல்லா வசதியும் நிறைந்த நகரத்துப் பிள்ளையின் இசட் புள்ளியோடு வெறும் இலக்கமாக ஒப்பிடக்கூடாது என்று அந்த அனுமதிக் கொள்கையே கருதியிருக்கிறது. நான்கு வருடம் கழித்து உங்கள் பட்டச் சான்றிதழில் எந்த அடிப்படையில் நுழைந்தீர்கள் என்று ஒரு சொல்லும் இருக்காது.

இப்போது உங்கள் இலக்கைப் பார்ப்போம், ஏனென்றால் எங்கே படிப்பது என்ற கேள்விக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இரண்டு ஆசைகள் இருக்கின்றன. காணி வழக்கு ஒன்று, வெளிநாட்டில் மனித உரிமை வேலை மற்றொன்று. முதலாவதைப் பற்றி எழுதும்போது உங்கள் வசனங்கள் நீளமாகவும் துல்லியமாகவும் இருந்தன, இரண்டாவதைப் பற்றி ஒரேயொரு வசனம்தான் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் கவனித்தேன்.

வன்னியின் காணிப் பிரச்சினை ஒரு சட்டத்தரணியின் வாழ்நாள் முழுவதற்கும் போதுமான வேலை. இங்குள்ள குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பகுதி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. பத்திரக்காரர் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பின் காணியைப் பெறுபவரை, பெயரிடாமல் இறந்தால், அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி காணி யாருக்குப் போகும் என்பது தீர்மானிக்கப்படும்; அந்த அட்டவணை நெடுங்காலம் ஆண் வாரிசுகளுக்கு முன்னுரிமை அளித்து வந்தது, 2022 ஆம் ஆண்டின் திருத்தமே அதை மாற்றியது. ஆகவே உங்கள் பெரியப்பாவுக்கும் மாமிக்கும் இடையிலான இழுபறியில், அப்பப்பாவும் அப்பம்மாவும் எந்தெந்த ஆண்டில் இறந்தார்கள் என்பது ஒரு பெரிய கேள்வியாகலாம். உறுதிக் காணிகளில் வேறொரு சிக்கல்: பத்து வருடத் தடையற்ற ஆட்சியால் உரித்துக் கோரும் ஆட்சியுரிமைச் சட்டம். யுத்தத்தால் ஊரை விட்டுப் போனவர்கள் அந்தச் சட்டத்தால் பாதிக்கப்படக்கூடாது என்பதற்காக, 1983 மே 1 இலிருந்து 2009 மே 18 வரையான காலத்தைக் கவனத்திற்கொண்டு 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. இவற்றோடு தேசவழமை, அதன் முன்னீட்டுரிமை (விற்கப்படும் காணியைப் பங்காளிகள் போன்றோர் முதலில் வாங்கும் உரிமை), சீதனக் காணி என்று வடக்குக்கே உரிய சட்டங்களும் இருக்கின்றன. பிரித்தானியப் பாடத்திட்டத்தில் ஆங்கிலேயக் காணிச் சட்டம் படிப்பீர்கள், அது அறிவுக்கு நல்லது; ஆனால் காணிக் கச்சேரி என்றால் என்ன, பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் எந்தப் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்பவை அங்கே வரமாட்டா.

யாழ்ப்பாணத்தில் படித்தால் விடுமுறைக்கு வீட்டுக்கு வருவீர்கள். அந்த விடுமுறைகளை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியிடம் அனுமதி கேட்டு, இரண்டு வாரம் நீதிமன்றத்தின் பின்வாங்கில் உட்கார்ந்து பாருங்கள். வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை சொல்கிறது, ஆகவே அங்கே நடப்பது உங்களுக்கு விளங்கும். சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு வரும் பெண்கள் என்ன ஆவணத்தை எந்தப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவருகிறார்கள் என்பதைப் பாருங்கள். பிற்காலத்தில் உங்களுக்கு வழக்குத் தரப்போகிறவர்கள் அவர்களே.

ஆங்கிலம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது, ஆனால் அது யாழ்ப்பாணத்தைத் தவிர்ப்பதற்கோ கொழும்பைத் தவிர்ப்பதற்கோ காரணம் ஆகாது, இரண்டு இடத்திலும் சட்டம் ஆங்கிலத்தில்தான் கற்பிக்கப்படுகிறது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கு 2020 இல் கொண்டுவரப்பட்ட விதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் நிராகரித்தது உங்களுக்கு ஓரளவு ஆறுதலாக இருக்கலாம். இருந்தாலும் அந்த ஆறுதலில் தங்கிவிடாதீர்கள். முல்லைத்தீவில் தமிழில் வாதாடலாம், ஆனால் அந்த வாதத்துக்குத் துணையாகக் காட்ட வேண்டிய மேன்முறையீட்டுத் தீர்ப்புகளும் பழைய சட்ட அறிக்கைத் தொகுதிகளும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. உங்கள் வழக்கு மேன்முறையீட்டுக்குப் போனால் அது கொழும்பில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வாதிக்கப்படும். என் ஆங்கிலமும் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு நாளைக்கு ஒரு உறுப்புரை என்று வாசித்துத்தான் சட்ட ஆங்கிலத்தின் நடை எனக்குப் பிடிபட்டது. இரண்டும் நாடாளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அடிப்படை உரிமைகள் அத்தியாயத்திலிருந்து, அதாவது 10 ஆம் உறுப்புரையிலிருந்து தொடங்குங்கள். பல்கலைக்கழகம் தொடங்கும் வரையுள்ள மாதங்களில் இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே, முதல் வருடத்து அரசியலமைப்புச் சட்ட விரிவுரையில் நீங்கள் திகைத்துப்போய் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். பேச்சு ஆங்கில வகுப்புக்கு மாதம் ஐயாயிரம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

வெளிநாட்டு மனித உரிமை வேலை உங்கள் உண்மையான ஆசையாகவே வளர்ந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கும் இதே பாதைதான் நல்லது என்பது என் கருத்து. முழுச் செலவையும் தாங்கும் பெரிய புலமைப்பரிசில்கள் பெரும்பாலும் இரண்டாம் பட்டத்துக்கே கிடைக்கின்றன. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் ஒரு வருட முதுமாணிப் படிப்பின் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் விமானப் பயணத்தையும் ஏற்கிறது. அதற்கு நல்ல முதற்பட்டமும் இரண்டு வருட வேலை அனுபவமும் வேண்டும், முடித்த பின் இரண்டு வருடமாவது நாட்டுக்குத் திரும்பி வந்து இருக்க வேண்டும். பொதுநலவாயப் புலமைப்பரிசில்களும் இருக்கின்றன. அந்த நேர்முகத்தேர்வில், முல்லைத்தீவில் காணிக் கோப்புகளோடு இரண்டு வருடம் உழைத்தவர் சொல்லும் விடயத்துக்கு இருக்கும் கனம், கொழும்பு விரிவுரை மண்டபத்திலிருந்து நேரே வந்தவரிடம் இருக்காது. இதை எதிர்ப்பக்கமாகவும் பாருங்கள்: பிரித்தானியச் சட்டமாணிப் பட்டம் ஒருவரை இங்கிலாந்திலும் தானாகச் சட்டத்தரணி ஆக்கிவிடாது. 2021 செப்டெம்பரிலிருந்து அங்கே சொலிசிட்டர் ஆவதற்குத் தனியான தகுதிப் பரீட்சைகளும் இரண்டு வருடத் தகுதிகாண் வேலை அனுபவமும் தேவை. இங்கும் அரைவாசி அங்கும் அரைவாசி என்ற நிலைக்கு 40 இலட்சம் செலவழிப்பது எனக்குச் சம்மதமில்லை.

நீதிபதியாவது, சட்டமா அதிபர் திணைக்களத்தில் சேர்வது, வங்கியில் சட்ட அலுவலராவது எல்லாமே சத்தியப்பிரமாணத்துக்குப் பிறகு வரும் கதவுகள், அவற்றைப் பற்றி இப்போது மனதைக் குழப்ப வேண்டாம்.

மாமாவின் பணம் எப்போது தேவைப்படும் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? பட்டம் முடிந்த பிறகுதான். எங்கள் பகுதிப் பிள்ளைகள் பலர் தடுக்கி விழும் இடம் அதுவே. நான்கு வருடம் யாழ்ப்பாணத்தில் சிக்கனமாகப் படித்து முடிப்பார்கள். அதன்பின் சட்டக் கல்லூரிக்காகக் கொழும்புக்குப் போக வேண்டும், அங்கே மகாபொல கூட வராது, பரீட்சைக் கட்டணமும் வாடகையும் புத்தகமும் கையிலிருந்து போக வேண்டும். அடுத்து ஆறு மாதப் பயிலுநர் பயிற்சி, அதற்குப் பெரும்பாலும் சம்பளம் இல்லை. சத்தியப்பிரமாணம் செய்து அங்கி போட்ட பின்னும், கனிஷ்ட சட்டத்தரணியாக முதல் இரண்டு வருடம் பஸ் காசுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் மட்டும் உழைக்கும் காலம் ஒன்று இருக்கிறது. நொத்தாரிசாக உறுதி எழுதத் தொடங்கினால் கொஞ்சம் மூச்சு விடலாம். வழக்காட வேண்டும் என்று வந்த எத்தனையோ பேர் அந்த இரண்டு வருடத்தைத் தாக்குப்பிடிக்க முடியாமல் மாதச் சம்பள வேலைக்குப் போனதைக் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் தங்கையின் படிப்பு காத்திருந்தது. மாமாவிடம் பேசும்போது, 'இப்போது வேண்டாம் மாமா, நான்காம் வருடம் முடிந்த பிறகு மூன்று வருடத்துக்கு மாதம் ஒரு சிறு தொகை அனுப்ப முடியுமா?' என்று கேளுங்கள். கொழும்புக் கணக்கின் பாதிக்கும் குறைவான தொகையில் அந்தக் காலத்தைக் கடந்துவிடலாம், அவருக்கும் சேர்த்து வைக்க நேரம் கிடைக்கும்.

இவ்வளவும் படித்த பின்னும் கொழும்புக்கே போவது என்று முடிவெடுத்தால், முற்பணம் கட்டுவதற்கு முன் நான்கு விடயங்களை அந்த நிறுவனத்தின் கடிதத்தலைப்பில் எழுதி வாங்குங்கள். அந்தப் பட்டத்தோடு சட்டக் கல்லூரியில் சேர்வதற்கான தற்போதைய விதியைச் சட்டக் கல்விப் பேரவையின் ஆவணத்தோடு காட்ட வேண்டும். 60 புள்ளிக்குக் கீழே போனால் புலமைப்பரிசில் முழுவதும் போகுமா, பகுதியாகக் குறையுமா, பின்னர் மீளப் பெற முடியுமா என்பதைச் சொல்ல வேண்டும். கடந்த தொகுதிகளில் புலமைப்பரிசிலுடன் நுழைந்தவர்களில் எத்தனை பேர் அதைக் கடைசி வருடம் வரை தக்கவைத்தார்கள் என்று கேளுங்கள். இதற்குப் பதில் தர மறுத்தால் அந்த மறுப்பே பதில். பவுணில் கட்ட வேண்டிய தொகைகள் எவை, எந்தெந்த மாதத்தில் என்பது நான்காவது. 'திங்கட்கிழமைக்குள் கட்டினால்தான் இந்தச் சலுகை' என்று தொலைபேசியில் அவசரப்படுத்தினால் அவசரப்படாதீர்கள். யாழ்ப்பாணப் பதிவுக்கோ உண்மையான கடைசித் திகதி இருக்கிறது. அதைத் தவறவிட்டால் அந்த இடம் போய்விடும், ஆகவே மாமாவின் முடிவுக்காக அதைத் தள்ளிப்போடக் கூடாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மாமியின் காணிக்கு நீங்கள் சட்டத்தரணியாகும் வரை ஆறேழு வருடம் காத்திருக்க முடியாது. பத்திரம் தொலைந்தது என்பதால் காணி தொலைந்ததாக ஆகாது. அனுமதிப்பத்திரம் வழங்கிய விவரம் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் இருக்க வேண்டும். அப்பப்பாவின் பெயர், குடியேற்றத் திட்டத்தின் பெயர், தெரிந்தால் துண்டு இலக்கம், இரண்டு மரணச் சான்றிதழ்களின் பிரதிகள் ஆகியவற்றோடு மாமியைக் கூட்டிக்கொண்டு காணிக் கிளைக்குப் போய், பேரேட்டுப் பக்கத்தின் உறுதிப்படுத்திய பிரதியை எழுத்து மூலம் கேளுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். பின்னுரித்தாளர் பெயர் ஏதும் பதியப்பட்டிருக்கிறதா என்பது அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அதுவரை பெரியப்பா எந்தக் கடதாசியை நீட்டினாலும் மாமி கையெழுத்து வைக்க வேண்டாம். பிரதி கிடைத்ததும் அதை எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்டத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். மாமியின் வருமானத்துக்கு அங்கே ஆலோசனை இலவசமாகவே கிடைக்கும்.